மணிக்கட்டில் ஒரு நூற்பாலை

திரையிலிருந்து பட்டறைக்கு – 7

போன வாரம் பார்த்த கொக்கித் துப்பாக்கியில் கயிறு முன்கூட்டியே சுற்றி வைக்கப்பட்டிருக்கும். ஸ்பைடர்மேனிடம் அந்தச் சுருளே கிடையாது. 1962-ல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த முதல் கதையிலேயே, மாணவன் பீட்டர் பார்க்கர் மணிக்கட்டுக் கருவியைத் தானே செய்துகொள்கிறான். பாய்வது திரவம், போய் ஒட்டுவது நூல்.

இதைச் செய்து பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் ஸ்பிரிங், சிரிஞ்சு, வாயுக் குப்பி என்று அழுத்தத்துக்கு வழி தேடுகிறார்கள். அது சுலபம். உண்மையான சிக்கல் நேரம். முனையைத் தாண்டும்வரை திரவம் இறுகக் கூடாது. தாண்டிய நொடியில் இறுகியாக வேண்டும். அதனால்தான் கலந்தால் மட்டும் இறுகும் இரண்டு திரவங்கள் தேவை. ஹார்டுவேர் கடை எபாக்ஸியில் ரெசினும் ஹார்டனரும் தனித்தனிக் குழாயில் வருவதும் இதற்காகத்தான்.

ஆனால், இரண்டையும் ஒரே மெல்லிய குழாய்க்குள் தள்ளினால் அவை சரியாகக் கலக்காது. அருகருகே ஓடி வெளியே வந்துவிடும். தொழிற்சாலைகளில் இதற்கென்றே, உள்ளே முறுக்குத் தகடுகள் அடுக்கிய முனை உண்டு. ஒவ்வொரு தகடும் ஓட்டத்தை இரண்டாகப் பிளக்கும். பத்துத் தகடு தாண்டினால் ஆயிரம் அடுக்குகளுக்கு மேல் ஆகிவிடும். கலவை நன்றாக இருக்கும், முனைதான் மிஞ்சாது. சற்று நேரம் நிறுத்தினாலும் பசை உள்ளேயே இறுகும். கழற்றி எறிய வேண்டியதுதான். நொடியில் இறுகும் திரவமென்றால் முதல் வீச்சிலேயே அடைப்பு.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட வழி வேறு. அவர்களில் ஒருவரான மார்கோ லோ ப்ரெஸ்டி பட்டுப் புரதத்திலிருந்து பசை தயாரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கலனை அசிட்டோனால் கழுவியபோது, அடியில் வலை போன்ற இழைகள் திரள்வதைக் கண்டார். அதிலிருந்து பிறந்தது, ஊசிக்குள் ஊசி வைத்த கருவி. உள் ஊசியில் பட்டுக்கூட்டிலிருந்து எடுத்த ஃபைப்ராயின் என்ற புரதத்தின் கரைசலும் டோபமைனும். அதைச் சுற்றி அசிட்டோன். இரண்டும் ஊசியின் வாயில்தான் சந்திக்கின்றன. டோபமைன் புரதத்திலிருந்து நீரை விரைவாக விலக்க உதவுகிறது. அசிட்டோன் காற்றில் ஆவியாகிறது. மிஞ்சுவது ஒட்டும் இழை. கைட்டோசன் சேர்த்தபோது வலிமை 200 மடங்குவரை கூடியது. சுமார் 12 செ.மீ. தொலைவிலுள்ள பொருளைப் பற்றி, தன் எடையைப் போல 80 மடங்குக்கு மேல் தூக்கவும் செய்தது.

ஆனாலும் சிலந்தி நூல் இதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிமையானது. மாடி விட்டு மாடி தாவும் கனவு இப்போதைக்குத் திரையிலேயே இருக்கட்டும்.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அதை வீட்டில் பீய்ச்சிப் பார்க்காதீர்கள். கேக் பொருட்கள் விற்கும் கடைகளில் சோடியம் ஆல்ஜினேட்டும் கால்சியம் லாக்டேட்டும் கேட்டுப் பாருங்கள். முதலாவதன் கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, இரண்டாவதைக் கரைத்த தண்ணீருக்குள் மெதுவாகத் தள்ளுங்கள். வழுவழுப்பான நூல் உருவாகும். இரண்டு திரவங்களும் வாயில் மட்டும் சந்திக்க வேண்டும் என்ற விதி அதிலேயே விளங்கிவிடும்.

(தொடரும்)