ஊழியரின் மனத்திடம் எங்கிருந்து வருகிறது?



காலையில் கண்டமங்கலத்திலிருந்து திருபுவனை, புதுச்சேரி, விழுப்புரம் என்று வேலைக்குப் போய், மாலையில் களைத்துத் திரும்புகிறவர்கள் நம்மில் பலர். வேலையின் பாரம் ஒரு பக்கம். மேலதிகாரி சொன்ன சொல்லின் பாரம் மறு பக்கம். பல நாள்களில் இரண்டாவதே அதிகம் கனக்கிறது.

2008 நவம்பர் 26 இரவு, மும்பை தாஜ் ஓட்டலுக்குள் பயங்கரவாதிகள் நுழைந்தார்கள். 29-ஆம் தேதி காலைவரை முற்றுகை நீடித்தது. வெளியேறும் வழிகளெல்லாம் ஊழியர்களுக்குத் தெரியும். ஆனாலும் பலர் ஓடவில்லை. தொலைபேசிப் பிரிவினர் அறை அறையாக அழைத்து விருந்தினர்களை எச்சரித்தார்கள். சமையலறை ஊழியர்கள் விருந்தினர்களைச் சுற்றி அரணாக நின்றார்கள். சிலர் உயிரையே கொடுத்தார்கள். பொது மேலாளர் கரம்பீர் சிங் காங், அதே கட்டடத்தில் மனைவியையும் இரு மகன்களையும் இழந்தார். அப்போதும் அவர் தம் பணியை விட்டு விலகவில்லை.

இந்தத் திடம் ஒரே இரவில் வந்ததல்ல. அந்த நிறுவனம் சிறு ஊர் இளைஞர்களைத் தேடி, மதிப்பெண்ணைவிடப் பண்பைப் பார்த்துச் சேர்த்தது. ஒன்றரை ஆண்டு பயிற்சி தந்தது. விருந்தினருக்கு நல்லதென்று தோன்றுவதை மேலாளரைக் கேட்காமலே செய்யலாம் என்று கற்றுக்கொடுத்தது. நல்ல செயலை உடனுக்குடன் பாராட்டியது. தாக்குதலுக்குப் பின், ரத்தன் டாடா பாதிக்கப்பட்ட ஊழியர்களின் குடும்பங்களை நேரில் சந்தித்தார். ஒரு மாதத்திற்குள், டிசம்பர் 21 அன்று, ஓட்டலின் ஒரு பகுதி மீண்டும் திறக்கப்பட்டது.

பயமுறுத்தி வேலை வாங்கும் இடத்தில் ஊழியர் தம் தவறை மறைப்பார். மறைத்த தவறு வளரும். சோதனை வரும்போது உதவி கேட்க ஆளின்றித் தனியே உடைந்துபோவார். மதித்து நடத்தும் இடத்தில் தவறு அன்றைக்கே வெளியே வரும், சேர்ந்து சரிசெய்யலாம். அங்கே விழுந்தவர் எழுவது எளிது.

சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவை ஆண்டவர் அதட்டவில்லை. தூங்கவிட்டார். இருமுறை உணவும் தண்ணீரும் கொடுத்தார். அதன்பிறகே நெடும்பயணத்துக்கு அனுப்பினார்.

நமக்கு மேலே ஒருவர் இருப்பதுபோல், நமக்குக் கீழேயும் யாரோ ஒருவர் இருக்கிறார். கொத்தனாருக்குச் சித்தாள், கடைக்காரருக்கு வேலைக்கு நிற்கும் பையன். இந்த வாரம் அவர் தவறினால், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று சீறுமுன், "என்ன ஆச்சு, சாப்பிட்டாயா?" என்று கேட்டுப் பார்ப்போமா?