மூச்சுப் பயிற்சி செய்தால் தடுமாற்றம் குறையுமா?

கேகாலை ரப்பர் மலையானாலும் இரத்தினபுரித் தேயிலை மலையானாலும், லயத்திலிருந்து பீலிக்குப் போகப் படி இறங்கியாக வேண்டும். மழை நாளில் படியெல்லாம் பாசி. அறுபதைத் தாண்டியவருக்குக் கால் வைக்கவே பயம். மூச்சுப் பயிற்சி செய்தால் தடுமாற்றம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்கும் தசை (உதரவிதானம்) ஒன்று இருக்கிறது. வயிறு, முதுகுத் தசைகளோடு சேர்ந்து உடம்பை நிமிர்த்திப் பிடிப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

யாராவது சோதித்துப் பார்த்தார்களா? இங்கிலாந்தின் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தில் முதியவர்களை 8 வாரம், தினமும் இரண்டு வேளை, வேளைக்கு 30 தடவை மூச்சிழுக்க வைத்தார்கள். அவர்களது சமநிலை தேறியது என்று 2019இல் எழுதினார்கள். ஆனால் அது மூச்சிழுப்பதைக் கடினமாக்கும் ஒரு கைக்கருவியை வாயில் வைத்துச் செய்த பயிற்சி. சும்மா மூச்சு விட்டாலே அதே பலன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கருவி இல்லாத நாம் என்ன செய்வது? கால் பயிற்சியோடு மூச்சைச் சேருங்கள். விழுவதைக் குறைப்பதில் கால் பயிற்சிக்குத்தான் ஆதாரம் அதிகம். கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மூச்சை மெல்ல விட்டபடி எழும்புங்கள், இழுத்தபடி உட்காருங்கள். முதலில் ஐந்து தடவை போதும். பிறகு இஸ்தோப்புச் சுவரில் கை வைத்து, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மற்றதை வைத்துச் சற்று நில்லுங்கள். பக்கத்தில் வீட்டார் ஒருவர் இருக்கட்டும்.

எழும்பும்போது ஏன் மூச்சை விட வேண்டும்? குடம் தூக்கும்போதும் படி ஏறும்போதும் பலர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது பிரஷர் சட்டென ஏறி இறங்கும், தலை சுற்றலாம்.

பயிற்சியிலேயே தலை சுற்றினால்? வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு விட்டாலும் சுற்றும். நிறுத்தி உட்காருங்கள். பிரஷர் மருந்து குடிப்பவர்கள் காலையில் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்தே எழும்புங்கள். அடிக்கடி சுற்றினால் மருந்தை நீங்களாக விட்டுவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

எந்தப் பயிற்சியும் படியிலுள்ள பாசியைப் போக்காது. அதைத் தேய்க்க வேண்டும். கைப்பிடி போடச் சொல்லித் தோட்ட நிர்வாகத்தைக் கேட்கவும் வேண்டும்.

விழுந்தவரால் எழும்ப முடியாவிட்டால்? இழுத்து நிறுத்தாதீர்கள், எலும்பு முறிந்திருக்கலாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயம்வரை வண்டிப் பாதை இல்லையென்றால், எந்த இடத்தில் ஆள் நிற்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.