முதியோருக்கு ஏற்ற வேலையும், முன்பணம் கேட்கும் வேலையும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிக் கிராமங்களில், அறுபது வயதைத் தாண்டிய குடியானவர் எவரும் சும்மா உட்கார்ந்திருக்க விரும்புவதில்லை. பிள்ளைகள் திருப்பூருக்கோ, லாரித் தொழிலுக்கோ, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். வீட்டில் மிஞ்சுவது வயதான தம்பதியும், பாதி குத்தகைக்கு விட்ட நிலமும்தான். ஏர் பிடிக்கவும் வரப்பு வெட்டவும் உடம்பில் தெம்பு இல்லை. ஆனால் கை வேலை கேட்கிறது. மருந்துச் செலவுக்கும், பேரப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கவும் கையில் நாலு காசு வேண்டியிருக்கிறது.

இந்த ஆசையில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் குடியானவரின் இந்தத் தேவையை வேளாண் அலுவலர்கள் அறிந்திருப்பதைப் போலவே ஏமாற்றுக்காரர்களும் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். கொங்குச் சீமையில் நடந்த ஈமு கோழி மோசடி இதற்கு மறக்கக்கூடாத சான்றாகும்.

ஈமு வந்த கதை

ஈமு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பறவை. நெருப்புக் கோழிக்கு அடுத்தபடியாக உலகிலேயே உயரமான பறவை இதுதான். ஈரோடு மாவட்டம் பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய சுசி ஈமு ஃபார்ம்ஸ் என்ற நிறுவனம், இதை வளர்க்கும் திட்டம் ஒன்றை ஊரெங்கும் விளம்பரம் செய்தது. தொலைக்காட்சியிலும் சுவரொட்டியிலும் திரைப்பட நடிகர்களின் முகங்கள் தெரிந்தன.

திட்டம் இதுதான். ஒருவர் ரூ.1,50,000 வைப்புத் தொகை கட்டினால் 6 ஈமு குஞ்சுகள் தருவார்கள். கொட்டகையும் தீவனமும் அவர்களுடையது. வளர்ப்புக் கூலியாக மாதம் ரூ.6,000, ஆண்டுக்கு ஒருமுறை ரூ.20,000 போனஸ், இரண்டு ஆண்டு முடிந்ததும் கட்டிய பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும்.

பணி ஓய்வு பெற்றவர்கள், நிலம் விற்ற பணத்தை வைத்திருந்தவர்கள், நகையை அடகு வைத்தவர்கள் எனப் பல தரப்பினரும் பணம் கட்டினார்கள். ஈரோடு, கோவை, திருப்பூர் பகுதிகளோடு சேலம், நாமக்கல் பக்கமிருந்தும் பணம் போயிற்று. இதே மாதிரியில் வேறு பல ஈமு நிறுவனங்களும் கிளம்பின. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. கூலி நின்றது, தீவன வண்டி வரவில்லை. கொட்டகையில் பசியோடு நின்ற பறவைகளுக்குத் தீனி போடும் பொறுப்பைக் கடைசியில் அரசின் கால்நடைத் துறை ஏற்க வேண்டி வந்தது. சுசி நிறுவனத்தின் உரிமையாளர் எம்.எஸ்.குரு கைதானார். முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கோவையில் இயங்கும் தனி நீதிமன்றம் பின்னாளில் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஆனால் தண்டனை கிடைத்த வேகத்தில் பணம் திரும்பவில்லை.

நம்பியது ஏன்?

"படித்தவர்கள்கூட எப்படி ஏமாந்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. கொங்கு நாட்டில் கறிக்கோழி ஒப்பந்த வளர்ப்பு நெடுங்காலமாக நடந்து வருகிறது. நிறுவனம் குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் தருகிறது. குடியானவர் கொட்டகை போட்டு வளர்த்துக் கொடுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். ஈமு திட்டமும் பார்வைக்கு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. பழகிய முகம் என்று மக்கள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஆனால் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. கறிக்கோழி சுமார் 40 நாளில் எடைக்கு வந்து, மறுநாளே கறிக்கடையில் விற்றுப் போகிறது. தின்பவர் கொடுக்கும் காசிலிருந்துதான் வளர்ப்பவருக்குக் கூலி வருகிறது. ஈமுவோ முட்டையிடவே ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும். அதன் கறியை வாரச் சந்தையில் கேட்டு வாங்கியவர் யாரும் இல்லை. அப்படியானால் முதல் மாதமே கொடுத்த ரூ.6,000 எங்கிருந்து வந்தது?

கணக்குப் போட்டால் விடை கிடைக்கிறது. புதிதாக ஒருவர் கட்டும் ரூ.1,50,000 பணத்தைக் கொண்டு, பழையவர்கள் 25 பேருக்கு ஒரு மாதக் கூலி கொடுத்துவிடலாம். புதியவர் வரும்வரை பழையவருக்குப் பணம் வரும். புதியவர் நின்றால் எல்லாம் நின்றுவிடும். இன்னொரு கணக்கும் உண்டு. மாதம் ரூ.6,000 வீதம் ஆண்டுக்கு ரூ.72,000, போனஸ் ரூ.20,000, ஆகமொத்தம் ரூ.92,000. ஒன்றரை லட்சத்துக்கு இது நூற்றுக்கு 61 ரூபாய் வட்டிக்குச் சமம். அந்நாளில் வங்கியில் கிடைத்தது நூற்றுக்கு 9 ரூபாய் அளவில்தான்.

"நீங்க ஒண்ணும் கஷ்டப்பட வேண்டாங்க பெரியவரே. காலைல தீனி வெச்சுத் தண்ணி காட்டுனாப் போதுங்க" என்ற பேச்சுதான் முதியவர்களைக் கவர்ந்தது. வளர்ந்த ஈமு ஆள் உயரம் நிற்கும். 40 கிலோ எடை வரும். அதன் உதை பலமானது. வயதானவர்கள் கையாளக்கூடிய பறவையே அல்ல. இதைக்கூட யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஈமு போனாலும் அந்தத் தந்திரம் போகவில்லை. அதற்கு முன்பே 1990களில் தேக்கு மரத் திட்டம் என்ற பெயரில் பல நிறுவனங்கள் பணம் திரட்டிக் கவிழ்ந்தன. இன்று அது வேறு உருவங்களில் வருகிறது. "இந்த இயந்திரத்தை வாங்குங்கள், நீங்கள் செய்யும் கற்பூரம், காகிதக் குவளை, பாக்குமட்டைத் தட்டு எல்லாவற்றையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்பார்கள். இயந்திரம் விற்றதும் ஆள் காணாமல் போவார். அல்லது செய்த பொருளைத் "தரம் போதாது" என்று திருப்புவார். வீட்டுத் திண்ணைக்கு வரும் எந்தத் திட்டத்தையும் கீழ்க்கண்ட மூன்று கேள்விகளால் சலித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள்? வேலை கொடுப்பவர்தான் கூலி கொடுக்க வேண்டும். வேலை செய்ய வருபவரிடமே முன்பணம் கேட்டால் அது வேலையல்ல.

இரண்டாவது, கடைசியில் இதை வாங்கித் தின்பவர் யார், பயன்படுத்துபவர் யார்? பக்கத்துச் சந்தையில் அந்தப் பொருள் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டறிய வேண்டும். சந்தையில் விலையே இல்லாத பொருளுக்கு நிறுவனம் மட்டும் விலை சொன்னால் விலகிக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ஆண்டு முழுவதும் ஒரே தொகையா? மழைக்கும் நோய்க்கும் சந்தைக்கும் தக்கபடி ஏறி இறங்குவதுதான் விவசாய வருமானம். மாதம் தவறாமல் ஒரே தொகை வரும் என்று எழுதிக் கொடுப்பவர், விவசாயத்தைப் பற்றிப் பேசவில்லை. வட்டியைப் பற்றிப் பேசுகிறார்.

முதியவர்களுக்கு ஏற்ற உண்மை வேலைகள்

முன்பணம் இல்லாமல், அல்லது சொற்ப முதலில், உடம்புக்கு ஏற்றபடி செய்யக்கூடிய வேலைகள் இப்பகுதியிலேயே உள்ளன.

*மரவள்ளிக் கரணை:* சேலம், நாமக்கல் பகுதியில் ஜவ்வரிசித் தொழிலுக்காக மரவள்ளி பரவலாகப் பயிராகிறது. ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981ஆம் ஆண்டு சேலத்தில் தொடங்கப்பட்டது. நடவுக்குக் கரணை வெட்டுவது நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை. குச்சியின் நுனியையும் முற்றிய அடியையும் நீக்கி, நடுப்பகுதியை 8 முதல் 10 கணு இருக்கும்படி சுமார் 15 செ.மீ. நீளத்துக்கு, பட்டை கிழியாமல் வெட்ட வேண்டும். தேமல் நோய் தாக்கிய செடியை இலை இருக்கும்போதே அடையாளம் கண்டு ஒதுக்குவது அனுபவசாலியின் கண்ணுக்கே வரும். இளைஞர் அவசரத்தில் கோட்டைவிடும் இடம் இது. இந்தப் பார்வைக்குக் கூலி கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

*பாக்கும் புளியும்:* வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் பக்கம் பாக்கு உரித்தல், மற்ற இடங்களில் புளி உடைத்தல், கடலை உடைத்து விதைப் பருப்புப் பொறுக்குதல், பூக்கட்டுதல் ஆகியவை காலங்காலமாக முதிய பெண்கள் செய்து வருபவை. எடைக் கணக்கில் கூலி பேசிக்கொண்டு, அன்றன்று செய்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்க வேண்டும். "பாட்டிக்குக் கணக்குத் தெரியாது" என்று எடையில் கை வைப்பவர்களுக்கு அந்த நோட்டே பதில் சொல்லும்.

*மேச்சேரி ஆடு:* இப்பகுதியின் சொத்து இது. கொம்பில்லாத, செம்பழுப்பு நிறமுள்ள இந்தச் செம்மறி இனம் கறிக்கும் தோலுக்கும் பெயர் பெற்றது. இதற்கென மேச்சேரியை அடுத்த பொட்டனேரியில் 1978ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. முதியவர் மந்தை வைக்க வேண்டியதில்லை. வரப்புப் புல்லிலும் வேலிக் கொழையிலும் வளரும் இரண்டு மூன்று பெட்டை ஆடுகள் போதும். சினைக் காலம் ஐந்து மாதம். துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி தவறக்கூடாது. விற்கும்போது கண்மதிப்பில் விற்பதும், துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரிடம் சிக்குவதும் நட்டம். தொங்கு தராசில் உயிர் எடை போட்டு, அன்றைய கறி விலையைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

*நாட்டுக்கோழி:* நிறுவனத் திட்டம் எதுவும் இல்லாமல், வீட்டுக் கோழி பத்து வைத்திருந்தாலே முட்டையும் குஞ்சும் ஊருக்குள்ளேயே விற்றுவிடும். அடைக்கு வைத்த முட்டையை ஏழாம் நாள் இரவில் டார்ச் விளக்கில் பார்த்து, கரு கூடாததை எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு பொரியும். ஒரே வாரத்தில் கூண்டைக் காலியாக்குவது வெள்ளைக் கழிச்சல். குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8ஆம் வாரம் ஊசியும் போட்டுவிட்டால் இந்தப் பயம் பெரும்பாலும் நீங்கும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்க வேண்டும்.

இத்தொழில்களுக்கான பயிற்சி, சேலம் சந்தியூரிலும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் நடைபெறுகிறது. சந்தேகங்களுக்கு 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஏமாந்துவிட்டால்

பணம் போன முதியவர்கள் பலர் செய்யும் தவறு, பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அவமானம் என்று வாய் மூடி இருப்பதுதான். ஏமாற்றுக்காரனுக்கு அந்த மௌனமே மூலதனம். நாள் கடந்தால் அவன் சொத்தை மாற்றிவிடுவான்.

வைப்புத் தொகை மோசடிக்குக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் செய்ய வேண்டும். தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டமும் மோசடிக்காரரின் சொத்தை முடக்க வழி செய்கின்றன. பொருளிலோ இயந்திரத்திலோ ஏமாந்தவர்கள் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் உண்டு. கைபேசியில் வந்த இணைப்பைத் தொட்டோ, ரகசிய எண்ணைச் சொல்லியோ வங்கிப் பணம் போயிருந்தால், உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்புண்டு. ரசீது, ஒப்பந்தத் தாள், விளம்பரத் துண்டு, கைபேசிச் செய்தி ஆகிய எதையும் எறிந்துவிடக் கூடாது.

முப்பது வயதில் ஒன்றரை லட்சத்தை இழந்தவர் மறுபடி உழைத்துச் சேர்த்துக்கொள்வார். அறுபத்தைந்து வயதில் இழந்தவருக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே எந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன்பும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். மகனிடமோ, மருமகளிடமோ, ஊரில் விவரம் தெரிந்த ஒருவரிடமோ காட்டிக் கேட்க வேண்டும். "இன்றே கட்டினால்தான் இடம் உண்டு" என்று அவசரப்படுத்துபவரை, திண்ணையில் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடலாம். இரண்டு ஆடும் பத்துக் கோழியும் பெரும் பணம் தரமாட்டா. ஆனால் அவை கொடுப்பது சந்தையில் எண்ணி வாங்கிய காசு. அதை நாளைக்கு யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை.