தாய்வீட்டுக்கும் கூடவே போகும் எண்

கிராம சுகாதாரச் செவிலியராக நான் சேர்ந்தபோது கர்ப்பிணிகளின் விவரமெல்லாம் தடித்த பதிவேட்டில்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண்ணோடு பதிவேடு போகாது. அங்கே வலி கண்டால் ரத்த வகை, முந்தைய ஸ்கேன் எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டும்.

2008இல் தமிழக அரசு கொண்டுவந்த, கர்ப்பிணிகளுக்கான ‘பிக்மி’ இணையப் பதிவு இதை மாற்றியது. இன்று அதில் பதியும் கர்ப்பிணிக்கு 12 இலக்க ஆர்.சி.எச். (இனப்பெருக்க, குழந்தை நல) எண் உண்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஹீமோகுளோபின் 7க்குக் கீழே இருந்தால் கடுமையான ரத்தசோகை. அந்தப் பெண்ணைத் தவறவிடவே கூடாது. பதிவு இணையத்துக்கு மாறினாலும், கண் இமையைக் கீழிறக்கி வெளுப்பு பார்ப்பதை நான் இன்னும் விடவில்லை.

சிக்னல் கிடைக்காத தெருக்களில் விவரங்களை நோட்டில் குறித்து, இரவு வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் ஏற்றுகிறோம். அந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும்.