ஜீப்பை இழுக்க டிரெய்லர் வாங்கலாமா? அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி மூணு கணக்கு



தேனி மாவட்டத்துல ஜீப்புங்கறது வெறும் பொழுதுபோக்கு வண்டி இல்ல. விடியக்காலையில ஏலத்தோட்ட வேலைக்கு ஆளுங்களை ஏத்திக்கிட்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியா கேரளாவுக்குப் போற ஜீப்புங்க இன்னைக்கும் ஓடுது. அதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு வேலை கிடைச்சு கையில நாலு காசு சேர்ந்ததும் முதல் ஆசை ஒரு ஃபோர் பை ஃபோர். சிலர் அப்பாவோட பழைய ஜீப்பை எடுத்து சரி பண்றாங்க. சிலர் தார், ஜிம்னின்னு புதுசா போறாங்க.

அடுத்த ஆசைதான் டிரெய்லர். "கார்ல கொக்கி மாட்டி, பின்னாடி ஜீப்பை ஏத்திக்கிட்டு எங்க வேணா போகலாமே!" வீடியோவுல பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா டிரெய்லரோட உண்மையான செலவு அதோட விலைச்சீட்டுல இல்ல. நீங்க ஆண்டிபட்டியில வீடு, சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலைன்னு இருக்கறவர்னு வச்சுக்கிட்டு, எடை, காகிதம், பணம்னு மூணு கணக்கையும் வரிசையா போட்டுப் பார்ப்போம்.

கணக்கு 1: எடை

எல்லாரும் முதல்ல கேக்கறது "டிரெய்லர் என்ன விலை?"ன்னு. முதல்ல கேக்க வேண்டியது "மொத்தம் எத்தனை கிலோ?"

ஜிம்னி மாதிரி சின்ன வண்டியே சுமார் 1,200 கிலோ. காலி டிரெய்லர் 450 கிலோன்னு வச்சுக்கங்க. ஸ்பேர் டயர், ஜாக்கி, டூல்ஸ், கயிறு, தண்ணி கேன் எல்லாம் சேர்த்து 100 கிலோ. ஆக மொத்தம் 1,750 கிலோ. தார் ஏத்தினா இன்னும் பல நூறு கிலோ கூடும். மனசுல போட்ட கணக்கை நம்ப வேண்டாம். ஒரு எடை மேடையில ஏத்தி சீட்டு வாங்குங்க, செலவு ரொம்பக் கம்மி.

இப்போ உங்க காரோட ஓனர் மேனுவலை எடுத்து, டிரெய்லர் இழுக்கறதைப் பத்தி என்ன போட்டிருக்குன்னு படிங்க. இழுக்கவே கூடாதுன்னு போட்டிருந்தா கதை அங்கேயே முடிஞ்சது. அதே கார் வெளிநாட்டுல 1,500 கிலோ இழுக்குதுன்னு யாராவது சொன்னா அதை எடுத்துக்காதீங்க. நம்ம ஊர்ல வித்த மாடலுக்கு கம்பெனி என்ன எழுதியிருக்கோ, வாரன்டிக்கும் கிளெய்முக்கும் அதுதான் பேசும்.

எடை ஒத்து வந்தா, டிரெய்லர்ல பார்க்க வேண்டியது நாலு விஷயம்.

பிரேக்: ஐரோப்பாவுல மொத்த எடை 750 கிலோவுக்கு மேல போனா டிரெய்லருக்கே தனி பிரேக் இருந்தாகணும். நாம 1,750 கிலோ பேசிக்கிட்டிருக்கோம். போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது, கார் பிரேக் மட்டுமே அந்த மொத்த எடையையும் பிடிக்கணும்னா அது சூடேறி பிடிப்பு விட்டுப் போகும். பிரேக் இல்லாத டிரெய்லர் 40,000 ரூபாய் கம்மின்னு சொன்னாலும் வேண்டாம்.

ஆக்ஸில்: ஜீப் ஏத்தறதுக்கு இரட்டை ஆக்ஸில் நல்லது. ஒரு டயர் வெடிச்சாலும் வண்டி ஓரளவு நிலையா நிக்கும். ஆனா நாலு டயர், நாலு செட் பேரிங்னு பராமரிப்பு செலவு கூடும். டர்ட் பைக் மட்டும் ஏத்தறவங்களுக்கு ஒத்தை ஆக்ஸிலே போதும். ஹிமாலயன் 450 மாதிரி கனமான பைக்கே 200 கிலோவுக்குள்ளதான்.

கொக்கி மேல இறங்கற பாரம்: மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல உக்காரணும். 1,750 கிலோவுக்கு 175ல இருந்து 260 கிலோ. ஜீப்பை ரொம்பப் பின்னாடி தள்ளி நிறுத்தினா இந்தப் பாரம் குறைஞ்சு, வேகத்துல டிரெய்லர் வால் ஆட ஆரம்பிக்கும். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் ஏன் இவ்வளவு காத்தாடி நட்டு வச்சிருக்காங்கன்னு யோசிங்க. ஆடி மாசக் காத்து பக்கவாட்டுல அடிக்கும்போது, சரியா ஏத்தாத டிரெய்லர் காரையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும்.

கட்டற இடம்: ஜீப்போட நாலு சக்கரத்தையும் தனித்தனியா பட்டையால கட்ட, டிரெய்லர் சட்டத்துலேயே உறுதியான வளையம் இருக்கணும். ஏத்தற பலகை நீளமா இருக்கணும். குட்டையா இருந்தா சரிவு அதிகமாகி ஜீப்போட அடிப்பாகம் இடிக்கும்.

கணக்கு 2: காகிதம்

நிறைய பேர் வழுக்கற இடம் இதுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். எஞ்சின் இல்லையேன்னு விட முடியாது. அதுக்குத் தனியா பதிவு வேணும், தனி நம்பர் வேணும். இழுக்கற காரோட நம்பரையும் டிரெய்லர்ல காட்டணும். பதிவில்லாம ஓட்டினா முதல் தடவையே 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம். பதிவுல உள்ள எடையைத் தாண்டி ஏத்தினா 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதல் டன் ஒண்ணுக்கு 2,000 ரூபாய்.

"நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில பாதி விலைக்கு செஞ்சு தர்றாங்களே?" செய்வாங்க, உறுதியாவும் செய்வாங்க. ஆனா வகை ஒப்புதல் இல்லாத டிரெய்லரை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதிவு பண்ண முடியாது. அதனால விக்கறவர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "படிவம் 21, படிவம் 22 ரெண்டும் தருவீங்களா?" முதலாவது விற்பனைச் சான்று. ரெண்டாவது, வண்டி விதிமுறைப்படி இருக்குன்னு தயாரிப்பாளர் தர்ற சான்று. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி"ன்னு பதில் வந்தா, கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க.

இன்னொரு யோசனையும் ஊர்ல கண்டிப்பா வரும்: "மாமாகிட்ட டிராக்டர் டிரெய்லர் சும்மாதானே நிக்குது, அதுல ஏத்திக்க!" அந்த வண்டி விவசாய உபயோகத்துக்குன்னு பதிவாகி, அதுக்குன்னே இன்சூரன்ஸ் போட்டிருந்தா, நீங்க ஜீப் ஏத்தறது விவசாய வேலை ஆகாது. ஏதாவது ஆச்சுன்னா கிளெய்ம் சிக்கலாகும். மாட்டிக்கப் போறது மாமா.

இன்சூரன்ஸை நான் அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. உங்க வண்டி சேதமானா நஷ்டத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதிகபட்சம் வண்டியோட விலை. ஆனா டிரெய்லர் கழண்டு போய் ரோட்டுல ஒருத்தர் மேல மோதினா, நஷ்டஈட்டுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. பாதிக்கப்பட்டவரோட வயசு, வருமானம், அவரை நம்பி இருக்கறவங்க எத்தனை பேர்னு பார்த்துத்தான் தீர்ப்பாயம் தொகையை முடிவு பண்ணும். பாலிசி செல்லலேன்னா அந்தப் பணம் உங்க சம்பளத்துல இருந்தும் சேமிப்புல இருந்தும்தான் போகும். டிரெய்லருக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுங்க. கூடவே, கார் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு "கொக்கி மாட்டி டிரெய்லர் இழுக்கப் போறேன், பாலிசி செல்லுமா?"ன்னு மெயில் போட்டு, எழுத்துல பதில் வாங்கி வச்சுக்கங்க. போன்ல "ஓகே சார்"னு சொன்னது பின்னாடி உதவாது.

கணக்கு 3: பணம்

கீழே இருக்கற தொகை எல்லாம் உதாரணத்துக்கு நான் வச்சுக்கிட்டது. உங்க கொட்டேஷனைப் போட்டு மாத்திக்கங்க.

டிரெய்லர் விலை 2,50,000 ரூபாய். 5 வருஷம் கழிச்சு 1,00,000க்கு விக்கறீங்க. அப்போ ஒரு வருஷத்து செலவு:

தேய்மானம்: 30,000
முடங்கிக் கிடக்கற பணத்துக்கு வட்டி, சராசரி 1,75,000க்கு 7 சதவீதம்: 12,250
இன்சூரன்ஸ், டயர், பேரிங், கிரீஸ்: 8,000
மொத்தம்: 50,250 ரூபாய்

ஒரு தடவை கூட வெளியே எடுக்கலேன்னாலும் இந்த 50,250 போகும். இது கைக்காசு போட்டு வாங்கினா. 14 சதவீத பர்சனல் லோன்ல 3 வருஷத்துக்கு வாங்கினா, மாசத் தவணை சுமார் 8,544 ரூபாய், வட்டி மட்டும் சுமார் 57,600 ரூபாய்.

இப்போ ஒரு பயணம். போக வர 200 கி.மீ. டிரெய்லர் இழுக்கும்போது கார் லிட்டருக்கு 8 கி.மீ. கொடுக்குது, எரிபொருள் 95 ரூபாய்னு வச்சா 2,375 ரூபாய். அதே ஜீப்பை ரெக்கவரி லாரியில ஏத்தி, நீங்களும் கேபின்ல உக்கார்ந்து போக வர வாடகை 6,000. அதாவது சொந்த டிரெய்லர்ல ஒரு பயணத்துக்கு 3,625 ரூபாய் மிச்சம். 50,250ஐ 3,625ஆல வகுத்தா கிட்டத்தட்ட 14.

வருஷத்துக்கு 14 தடவை போனாத்தான் சொந்த டிரெய்லர் கட்டுப்படி ஆகும். பொங்கல், சித்திரை, ஆயுத பூஜை, தீபாவளின்னு நாலு தடவை ஊருக்கு வர்றவங்க கணக்கு இப்படி வரும்:

சொந்த டிரெய்லர்: 59,750
வாடகை லாரி: 24,000
ஜீப்பையே ஓட்டிட்டுப் போறது, லிட்டருக்கு 10 கி.மீ.ன்னா: 7,600

மூணாவது வரியை இன்னொரு தடவை படிங்க. ஆண்டிபட்டியில இருக்கற நமக்கு ஒரு வசதி, மலை தேடி 300 கி.மீ. போக வேண்டியதில்ல. நல்ல நிலையில, காகிதம் எல்லாம் சரியா இருக்கற ஜீப்னா, அதை ஓட்டிட்டே போயிட்டு வந்துடலாம்.

எத்தனை பயணம்னு எண்ணும்போது ஆசையில கூட்டி எழுதாதீங்க. மேகமலைப் பக்கம் 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆயிடுச்சு. வனத்துறை அனுமதி இல்லாம காட்டுக்குள்ள சக்கரம் வைக்க முடியாது. ரோட்டுல மேகமலை போய் வர்றதுக்கு டிரெய்லர் எதுக்கு?

"லீவு இல்லாதப்ப வாடகைக்கு விட்டு தவணையைக் கட்டிடலாம்"னு ஒரு யோசனை வரும். காசு வாங்கினா அது சொந்த உபயோகம் இல்ல. பதிவு, இன்சூரன்ஸ் ரெண்டும் அதுக்கு ஏத்த மாதிரி மாறணும், வர்ற வாடகையையும் வருமான வரிக் கணக்குல காட்டணும். வாடகைக்கு விடாம சொந்தமா வச்சிருந்தா, இந்தச் செலவுல ஒரு ரூபாயைக் கூட சம்பள வருமானத்துல இருந்து கழிக்க முடியாது.

யாருக்கு டிரெய்லர் வேணும்?

ரோட்டுல ஓட்டப் பதிவே இல்லாத ஏ.டி.வி. வச்சிருக்கறவங்க. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு போட்டிக்குப் போய், வண்டி உடைஞ்சே திரும்பற அளவுக்கு ஓட்டறவங்க. மூணு நாலு நண்பர்கள் சேர்ந்து செலவைப் பங்கு போட்டு, வருஷம் 14 பயணத்தைத் தாண்டறவங்க. பங்கு போட்டா, யார் பேர்ல பதிவு, விபத்துன்னா யார் பொறுப்புன்னு வாங்கறதுக்கு முன்னாடியே பேசி எழுதிக்கங்க. பதிவுல பேர் இருக்கறவருக்குத்தான் முதல் நோட்டீஸ் வரும்.

மத்தவங்க முதல் வருஷம் வாடகை லாரியிலயே போங்க. ஒவ்வொரு பயணத்தையும் தேதி, தூரம், கொடுத்த வாடகையோட போன்ல குறிச்சு வைங்க. நாலு பயணத்துக்கு சொந்த டிரெய்லரை விட 35,750 ரூபாய் மிச்சமாகும், மாசம் சுமார் 2,980. அதை மாசாமாசம் ஆர்.டி.யில போட்டுட்டு வாங்க. வருஷக் கடைசியில குறிப்புல 14 பயணம் இருந்தா, அந்தப் பணத்தோட போய் பிரேக் இருக்கற, படிவம் 22 தர்ற டிரெய்லரைப் பாருங்க. நாலுதான் இருந்தா, ஆர்.டி.யை அப்படியே ஓட விடுங்க.

உங்க வண்டியோட எடை, தூரம், வாங்கின கொட்டேஷன் மூணையும் அனுப்புங்க, அடுத்த வீடியோவுல சிலரோட கணக்கை சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.