பூட்டிய வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட்டாச்சா?
குடிசைப் பகுதியில் கணக்கு எங்கே தவறுகிறது?

"எல்லா ஊசியும் போட்டாச்சும்மா!"

"அட்டை எங்கே?"

"வீடு மாறும்போது எங்கியோ போயிடுச்சு..."

குடிசைப் பகுதிகளில் தடுப்பூசிக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. அட்டை இல்லையென்றால் தாயின் ஞாபகம்தான் கணக்கு!

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் 100க்கு 89 பேருக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் முழுவதும் போடப்பட்டிருந்தன. 2015-16ல் இது 70தான். நல்ல முன்னேற்றம்! ஆனால் இது மாநிலத்தின் சராசரி. சராசரிக்குள் ஒரு குப்பமே மறைந்துவிடும்.

ஒரு வட்டத்தில் 10 தெரு என்று வைத்துக்கொள்வோம். தெருவுக்கு 100 குழந்தைகள். 9 தெருவில் 95 பேருக்கு ஊசி போட்டாச்சு. பத்தாவது தெருவில் 50 பேருக்குத்தான். மொத்தக் கணக்கு என்ன? 100க்கு 90க்கு மேல்! தாளில் எல்லாம் சரி. ஆனால் தட்டம்மை பரவாமல் தடுக்க 100க்கு 95 குழந்தைகள் இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். நோய் நுழைவது அந்தப் பத்தாவது தெருவில்தான்.

விட்டுப்போகும் பெயர்கள்

சுகாதார நிலையத்தில், போட்ட ஊசிகளை மொத்தக் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்த மொத்தமே தவறாக இருந்தால்? கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்கள் மாற்றப்பட்டன. இப்படி இடம் மாறும்போது பழைய பதிவேட்டிலும் பெயர் இல்லை, புதியதிலும் இல்லை என்று ஆகிவிடலாம்.

அதனால்தான் வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய முறைப்படி, 30 இடங்கள், இடத்துக்கு 7 குழந்தைகள், ஆக 210. முதல் வீட்டைக் குலுக்கலில் எடுப்பார்கள். பிறகு அடுத்தடுத்த வீடு.

பூட்டிய கதவு

வந்தது வினை! பூட்டிய வீட்டைத் தாண்டிப் போய்விடுவது சுலபம். அம்மா வீட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ போயிருப்பார். புதன்கிழமை ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஊசி தவற அதிக வாய்ப்புள்ள வீடே கணக்கிலும் தவறுகிறது!

2018ல் வந்த புதிய கையேடு இதை மாற்றச் சொன்னது. முதலில் எல்லா வீட்டையும் பட்டியல் போட வேண்டும். அதிலிருந்து குலுக்கிப் பொறுக்க வேண்டும். பூட்டியிருந்தால் திரும்பப் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

நகரம் முழுவதும் சேர்த்து எடுத்தால் குடிசைப் பகுதிக்குக் கிடைப்பது சில பத்துக் குழந்தைகள்தான். அதை வைத்து அந்தப் பகுதி நிலையைச் சொல்ல முடியாது. குடிசைப் பகுதிக்குத் தனியாகவே கணக்கெடுத்தால்தான் உண்மை தெரியும்.

தாய்மார்களே!

ரேஷன் கார்டைப் பத்திரமாக வைக்கிறீர்கள் அல்லவா? ஊசி அட்டையையும் அதோடு வையுங்கள். ஒரு தவணை தவறிப்போச்சா? பயப்பட வேண்டாம். முதலிலிருந்து போட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குடிவந்தது புது இடமா? நர்சம்மா வரட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் குழந்தையின் பெயரைப் பதியுங்கள்.

பெயர் இருந்தால்தானே தேடி வருவார்கள்!