செஞ்சிக் கோட்டைத் தாக்குதல், 1750

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் மதிலையும் கொண்டது செஞ்சிக் கோட்டை. புதுச்சேரிக்கு வடமேற்கே சுமார் 70 கி.மீ. தொலைவில் உள்ளது. இதைப் பிடிக்க ஔரங்கசீப்பின் படை 1690 முதல் 1698 வரை போராடியது. பிரெஞ்சுக்காரர்களுக்கோ ஒரே இரவு போதுமானதாக இருந்தது.

கர்நாடக நவாப் பட்டத்துக்கான போரில் முகமது அலியின் படை திருவதிகையில் பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்றது. தப்பியவர்களில் ஒரு பகுதியினர் செஞ்சியில் ஒதுங்கினர். 1750 செப்டம்பரில், புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயின் ஆணைப்படி, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி தலைமையில் முன்னணிப் படை அங்கு சென்றது. அதில் சுமார் 250 ஐரோப்பியர், 1,200 சிப்பாய்கள், சில பீரங்கிகள். முதன்மைப் படையும் வந்து சேர, கோட்டைக்கு வெளியே நின்ற முகமது அலியின் படை சிதறியது. பேட்டையின் வாயிலைத் தகர்த்தது வெடிமருந்து. உள்ளே புகுந்தவர்கள்மீது மூன்று குன்றுகளிலிருந்தும் குண்டுகள் பொழிந்தன. நிலா மறையும்வரை காத்திருந்து, இருட்டில் மூன்றிலும் ஒரே நேரத்தில் ஏறினர். விடியும்போது கோட்டை அவர்கள் கையில். அரண் வலுவானதுதான், தோற்றோடி வந்தவர்களின் காவலே தளர்ந்திருந்தது.

1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. புதுச்சேரியின் லால் பகதூர் சாஸ்திரி வீதிக்கு மக்கள் வழக்கில் இன்றும் புஸ்ஸி வீதி என்றே பெயர்.